கஞ்சிக் கணக்கும் களிமண் பலகையும்



வரலாறு என்றால் ராஜாக்களின் பெயர், யுத்தம் நடந்த ஆண்டு என்றுதான் நம்மில் பலர் பாடசாலையில் பாடமாக்கினோம். இந்த விடுமுறையில் கலாசாலையில் ஆதிகால உலக வரலாறு படிக்கும் நாங்கள், மனிதன் முதன்முதலில் என்னத்தை எழுதினான் என்ற பாடத்துக்கு வந்திருக்கிறோம். அது நம் ஊருக்கும் தேவையான பாடம் என்று பட்டதால் இங்கே எழுதுகிறோம்.

இன்றைய ஈராக்கின் தெற்கே, சமாவா நகருக்குக் கிழக்கில், வர்கா என்றொரு மண்மேடு இருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கு முன் அது உருக் என்ற பெரிய நகரம். யூப்ரடீஸ், அதாவது நாம் ஹதீஸ்களில் புறாத் என்று கேள்விப்பட்ட நதி, அந்தக் காலத்தில் அதன் அருகே ஓடியது. 1928 முதல் அங்கே தோண்டிய ஜேர்மன் ஆய்வாளர்களுக்கு எழுத்துப் பதித்த களிமண் பலகைகள் கிடைத்தன. உடைந்த துண்டுகளையும் சேர்த்தால் 5,000க்கு மேல். மிகப் பழையவை கி.மு. 3300 அளவில் எழுதப்பட்டவை. எகிப்திலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் எழுத்து தோன்றியது.

அந்தப் பலகைகளில் என்ன இருக்கிறது? கதை இல்லை, பாட்டு இல்லை, எந்த ராஜாவின் வெற்றியும் இல்லை. பெரும்பாலானவை கணக்குகள். இத்தனை ஆடு வந்தது, இத்தனை அளவு பார்லி போனது, இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தாயிற்று. மிச்சம் உள்ளவை சொற்பட்டியல்கள்: தொழில்களின் பெயர், மிருகங்களின் பெயர், பாத்திரங்களின் பெயர். கணக்கப்பிள்ளைகளைப் பழக்குவதற்காக எழுதப்பட்டவை. ஆசிரியர்களான எங்களுக்கு இது கூடுதல் சந்தோசம். எழுத்து பிறந்த கையோடு பாடப்புத்தகமும் பிறந்துவிட்டது!

எழுத்துக்கு ஏன் தேவை வந்தது? சின்ன ஊரில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உருக்கில் பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். கோயில் களஞ்சியத்துக்குத் தானியம் வரும், அங்கிருந்து வேலையாட்களுக்குப் பங்கு போகும். ஒருவரையொருவர் தெரியாத இடத்தில் வாய்ச்சொல் மட்டும் காணாது. முதலில் கூம்பு, உருண்டை போன்ற சின்னச் சின்னக் களிமண் வில்லைகளை வைத்து எண்ணினார்கள். பிறகு அவற்றைக் களிமண் உருண்டைக்குள் அடைத்து மேலே முத்திரை குத்தினார்கள். அதன் பிறகு ஈரப் பலகையிலேயே எண்ணிக்கையைப் பதித்து, பக்கத்தில் பொருளின் படத்தையும் கீறினார்கள்.

ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதங்கள் என்று குறித்து, 'குஷிம்' என்று வாசிக்கப்படும் குறி இடப்பட்டிருக்கிறது. அது ஓர் ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆளின் பெயர்தான் என்றால், நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களில் ஒருவர் களஞ்சியக் கணக்கு எழுதிய ஓர் அலுவலர்!

இன்னொரு குறியும் நம்மைப் பிடித்து நிறுத்தியது. ஒரு மனிதத் தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம். உணவு அல்லது உணவுப் பங்கு என்று அதற்கு அர்த்தம். விளிம்பு சரிவாக வெட்டப்பட்ட, மினுக்கம் எதுவும் இல்லாத மண்கிண்ணங்கள் உருக் காலத்து இடங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. வேலையாட்களுக்குப் பங்கு அளந்து கொடுத்த கிண்ணங்கள் இவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு கஞ்சிக்குப் பாத்திரத்தோடு பள்ளிவாசலுக்கு ஓடிய நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டம் இல்லை.

இப்போது முக்கியமான விடயம். உருக்கின் பலகைகளை யாரும் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாக்கவில்லை. வேலை முடிந்ததும் குப்பையோடு கொட்டிவிட்டார்கள். கட்டடம் கட்டும்போது நிரப்பிய அந்தக் குப்பைக்குள் இருந்துதான் அவை வெளியே வந்தன. அவர்கள் வீசியது களிமண். அதனால் 5,000 ஆண்டு தாங்கியது. நாம் வீசுவது காகிதம். கறையானுக்கு ஒரு மாரி காலம் போதும்.

பள்ளிவாசலின் பழைய கஞ்சிக் கணக்கு, சந்தாக் கொப்பி, மையத்துப் பதிவு, மூத்தவாப்பா கடையில் எழுதிய கடன் கொப்பி, வாடியில் மீன் நிறுத்த கணக்கு. வெள்ளையடிக்கும்போதும் வீடு உடைத்துக் கட்டும்போதும் இவைதான் முதலில் நெருப்புக்குப் போகின்றன. எந்த ஆண்டு அரிசி என்ன விலை, யார் தேங்காய் கொடுத்தார், எந்தக் குடும்பம் எந்த வளவில் இருந்தது என்பதெல்லாம் வேறு எங்கும் எழுதப்படவில்லை.

காகிதம் போனால் என்ன நடக்கும் என்று நம் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பலர் காணி உறுதி கூட இல்லாமல் வந்தார்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கிழக்குக் கரையில் உயிர்களோடு பத்திரங்களும் போயின. ஒரு சமூகம் ஓர் இடத்தில் வாழ்ந்தது என்பதற்குப் பெரிய கல்வெட்டுத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு கணக்குக் கொப்பியும் சாட்சி சொல்லும்.

ஆகவே ஊரவர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். பழைய கொப்பிகளைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து, இரண்டு மூன்று பேரிடம் பிரதி வையுங்கள். பழைய படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். மூத்தம்மாமார் இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை தொடங்கியதும் இன்ஷா அல்லாஹ் தரம் 9 பிள்ளைகளைக் கொண்டு இதையே ஒரு செயற்றிட்டமாகச் செய்ய நினைத்திருக்கிறோம்.

அப்படி ஒரு கொப்பி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், வீச முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து பார்த்துக்கொள்கிறோம்.