பள்ளி மதிய உணவு: ஆயிரம் விளக்கிலிருந்து புசா ரோடு வரை

பள்ளி மதிய உணவு என்பது, படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே விலையின்றிச் சமைத்த உணவு போடும் ஏற்பாடு. இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது சென்னை. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பரில் தீர்மானம் போட்டது. செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவி, சேர்க்கையும் கூடிவந்த நேரத்தில், தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. 1925-இல் திட்டம் நின்றுபோனது.

1956-இல் முதலமைச்சர் காமராஜர் எட்டயபுரத்தில் இதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். அரசுப் பணத்தோடு ஊரார் கொடுத்த தானியமும் காசும் சேர்ந்தே உலை கொதித்தது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை அசைக்க முடியாததாக்கியது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என ஆட்கள் வந்தார்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை கிடைத்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. சோறும் சாம்பாரும் நிறைந்த தட்டில் அவித்த முட்டை. அதைச் சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வீட்டில் முட்டை எட்டாக்கனியான குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மத்திய அரசின் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் சமைத்துப் போடவில்லை. 80 விழுக்காடு வருகை இருந்தால் மாதம் 3 கிலோ தானியம் கொடுத்தனுப்பின. வீட்டுக்குப் போன தானியம் எல்லோருக்கும் பங்காகும். பள்ளியில் பிள்ளை பசியோடுதான் உட்கார்ந்திருக்கும். 2001-இல் அரசுக் கிடங்குகள் நிரம்பி வழிய, ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்டது: நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம் கொண்ட சமைத்த உணவு, ஆண்டுக்கு 200 நாளாவது தரப்பட வேண்டும்.

அந்தக் கிடங்குகளை நிரப்பிய தானியங்களில் ஒன்றான கோதுமைக்கும் தில்லி புசா ரோட்டுக்கும் உறவுண்டு. பிகாரின் புசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்து 1936-இல் தில்லிக்கு மாறியது. சாலையின் பெயர் அதன் வழி வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தபோது பசுமைப் புரட்சியின் கோதுமை ஆராய்ச்சி அங்கே நடந்தது. விளைச்சல் பெருகியும் பிள்ளையின் தட்டுக்கு அது வந்து சேர நீதிமன்றம் தேவைப்பட்டது.

அதே சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. 1923-இல் தொடங்கிய கழகம் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளுள் ஒன்று. அரசுப் பள்ளிகளைப் போலவே உதவிபெறும் பள்ளிகளின் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கும் மதிய உணவுக்கு உரிமை உண்டு. இன்றைய அளவு, தொடக்க வகுப்புகளுக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலை வகுப்புகளுக்கு 700 கலோரி, 20 கிராம்.

2013-இல் பிகாரில் பூச்சிமருந்து கலந்த உணவால் 23 பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஆசிரியர் ருசி பார்க்கும் விதியைக் கண்டிப்புடன் கடைப்பிடிக்க வேண்டும் என்று அந்தச் சாவுகளுக்குப் பிறகு எங்கும் வலியுறுத்தப்பட்டது.

தமிழ்நாடு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவையும் தொடங்கி, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை காலை உணவைப் பரிந்துரைத்தது. ஆனால் 2021-இல் பி.எம். போஷண் என்று பெயர் மாறிய நாடளாவிய திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை.