கரைக்குள் ஓடும் தூம்பு

ஏரி என்றதும் நீண்ட கரையும், கலிங்கில் வழியும் வெள்ளமுமே நம் கண்முன் நிற்கின்றன. வயலுக்கு நீர் தரும் தூம்போ கரைக்கு அடியில் மறைந்து கிடப்பது. ஏரியின் வரலாற்றை எழுதுவோரும் அதனை வெட்டிய மன்னர் பெயரோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். வெட்டிய பின்னர், தலைமுறை தலைமுறையாக அதனைப் பழுதுபார்த்து வந்தவர்களைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஓர் ஏரி உண்டு. தொண்டை மண்டலம் முழுவதும் இத்தகைய ஏரிகள் நிறைந்தது. வற்றாத ஆறு இல்லாத நாடு வேறென்ன செய்யும்? இந்நாட்டுப் பழந்தூம்புகளின் அமைப்பு எளியது. ஏரியின் உட்புறம், கரையருகே, இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றினடியில் கல்லால் கட்டிய தொட்டி. அதன் மூடுகல்லில் ஒரு துளை. நீண்ட கழியின் நுனியிலுள்ள மரக்கட்டை அத்துளையை அடைத்திருக்கும். கழியை உயர்த்தினால் நீர் தொட்டியில் இறங்கி, கரையின் கீழே கட்டிய வழியாக ஓடி, மறுபுறம் வாய்க்காலில் வெளிப்படும். இலங்கைக் குளங்களின் ‘பிசோகொட்டுவ’ என்னும் சதுரக் கிணறும் இதே தேவைக்கு எழுந்த விடைதான்.

ஆனால் கரையின் நலிந்த இடமும் இதுவே. 1895-இல் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பினார்கள்; அச்சுரங்கத்தைச் சூழ்ந்திருப்பது பாறை. ஏரித் தூம்பைச் சூழ்ந்திருப்பதோ மண். கட்டடத்தின் ஒரு மூட்டு விலகினாலும், வெளிச்சுவரை ஒட்டி மயிரிழைபோல் நீர் வழி காணும்; மண்ணைத் துகள்துகளாகக் கொண்டுபோகும். மேலே புல் முளைத்த கரை திடமாய்த் தோன்ற, உள்ளே பொந்து வளரும். ஆகவே கோடையில் ஏரி வற்றியதும் கரையைத் தூம்புவரை வெட்டித் திறந்து, பழுதான கல்லை மாற்றி, சுண்ணாம்புச் சாந்தால் மூட்டுகளை அடைத்து, களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு இடித்து இறுக்கவேண்டும். மழைக்கு முன் முடியாவிட்டால் அவ்வாண்டு ஏரியே இல்லை.

இத்தகைய வேலை, ஆண்டு தவறாத ஆளும் பொருளும் கேட்பது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் எழுந்தவை, குடவோலை முறைக்காகவே நம் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுத்த முப்பதின்மரில் அறுவர் ஏரி வாரியத்தார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஏரியைப் பேணுவதற்கென ஒதுக்கிய நிலத்துக்கு ‘ஏரிப்பட்டி’ என்று தனிப்பெயரே உண்டு. கல்லும் சுண்ணாம்பும் போலவே இந்த வாரியமும் பட்டியும் தூம்பின் உறுப்புகள் என்பேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வேற்பாடு நலிந்தது. ஊரார் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கடமையாக்கிற்று. ஆளைச் சட்டம் அழைக்கலாம். அக்கறையை அழைக்க இயலுமோ? 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. குடிமராமத்து என்ற பெயரை 2017-இல் தமிழக அரசு மீண்டும் எடுத்து, ஆயக்கட்டு உழவர்களைக் கொண்டு பணிகள் நடத்திற்று.

பிள்ளைப்பாக்கத்தின் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடம்வரை ஆலைகள் பெருகின. பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. வேலைவாய்ப்பு வந்ததை நான் குறைகூறேன். ஆனால் வயல் குறையுமிடத்தில் தூம்பைத் திறக்கக் கேட்பவரும் குறைவர். ஏரியின் தேவையோ குறையவில்லை: இதன் மிகைநீர் சேரும் செம்பரம்பாக்கம், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி.

முன்பு நீர்க்கட்டி என்னும் ஊழியர் மதகைத் திறந்து மூடுவார். கரையைச் சுற்றிப் பார்ப்பார். தூம்பருகே கசியும் நீர் தெளிவாக இருந்தால் அச்சம் குறைவு. கலங்கி வந்தால் கரையின் மண் கரைகிறது என்று பொருள். அன்றே ஆள் சேர்க்க வேண்டும். ஆலை வாயிலில் இரவும் பகலும் காவல் நிற்பவருக்குப் பல கடமைகள் உண்டு. கரையின் கீழிறங்கி நீரின் நிறம் பார்ப்பது அவற்றுள் இல்லை.