ரூம் லைட்டுக்கு இழை பல்பா, எல்.இ.டி.யா?

ரூம் லைட் பல்பு போய்விட்டால் யாரும் வண்டியை நிறுத்தி வைப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் லாரி டிரைவர் சரக்குச் சீட்டான பில்டியைப் படிக்கவும், காரில் போகிறவர் பின் சீட்டில் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவும் அந்தச் சின்ன வெளிச்சம்தான் கைகொடுக்கிறது. மாற்றலாம் என்று கடைக்குப் போனால் இரண்டு பொருளை எடுத்து வைப்பார்கள். ஒன்று, இருமுனையிலும் உலோக மூடி கொண்ட பழைய குழல் பல்பு. மற்றொன்று, அதே அளவில் செய்த எல்.இ.டி. லாரிக்குப் பேர்போன நாமக்கல்லும் கார்கள் நெரியும் சேலமும் அடுத்தடுத்து இருக்கும் இந்தச் சமவெளியில், இங்குள்ள வெயிலையும் சாலையையும் வைத்துத்தான் இரண்டையும் எடைபோட வேண்டும்.

முதலில் மின்சாரம். காரில் வழக்கமாக வரும் ரூம் லைட் பல்பு 12 வோல்ட், 5 வாட். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து ஒளிர்கிறது. உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. கிடைப்பது சுமார் 50 லூமன் வெளிச்சம். அதே வெளிச்சத்தை எல்.இ.டி. ஒரு வாட்டுக்குள் தந்துவிடும். கதவைச் சரியாகச் சாத்தாமல் தூங்கப் போய்விட்டால் பத்து மணி நேரத்தில் இழை பல்பு பேட்டரியிலிருந்து 4 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் உறிஞ்சும், எல்.இ.டி. ஒன்றுகூட எடுக்காது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் இரண்டையும் தாங்கும். வயதான பேட்டரியாக இருந்தால் காலையில் வண்டி கிளம்புமா என்பதையே இந்த வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

அடுத்தது குலுக்கல். காய்ந்த இழை இளகியிருக்கும். பலநாள் எரிந்தபின் ஆறினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஓடும் லாரியின் கேபினில், காலி வண்டி பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழைக்கு அடி விழுகிறது. எல்.இ.டி.யில் அறுந்துபோக இழையே இல்லை. குலுக்கலைப் பொறுத்தவரை லாரிக்கு அதுவே ஏற்றது.

வெயிலில் நிலைமை தலைகீழ். கத்திரி நாளில் சேலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது, நிழலில்லாமல் நிற்கும் காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். கூரையை ஒட்டிய இடத்தில் இன்னும் கூடும். இழை பல்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி. சில்லுக்கோ சூடுதான் எமன். வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாத மலிவுச் சரக்கு மங்கும், மினுக்கும், பிறகு அணையும். இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் என்பது 14 வரைக்கும், லாரியின் 24 என்பது 28 வரைக்கும் ஏறும். மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று உள்ள எல்.இ.டி. இதைத் தாங்கும். வெறும் ரெசிஸ்டர் வைத்தது ஒவ்வொரு பயணத்திலும் ஆயுளை இழக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது கண். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. இருட்டுக்குப் பழகிய கண் வெளிச்சம் பட்டுக் கூசினால், மறுபடி முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். இழை பல்பின் மஞ்சள் ஒளி சுமார் 2,700 கெல்வின். அதில் நீலம் குறைவு. வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. 6,000 கெல்வினுக்கு மேற்பட்ட தும்பைப்பூ வெள்ளையில் அந்த நீலம் தூக்கலாக இருக்கும். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களை அதிகம் தாக்குவதும் அந்த நீலம்தான். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைக் கண் உடனே பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கேபினுக்குள் பட்டப்பகல் வெளிச்சம் இருப்பது ஆபத்து.

மாட்டுவதிலும் வேறுபாடு உண்டு. இழை பல்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் எரியும். எல்.இ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு. எரியவில்லையென்றால் கெட்டுவிட்டது என்று எறியாமல் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என நீளம் மாறும். பழையதை அளந்துகொண்டு போவதே நல்லது. லாரியின் 24 வோல்ட் பல்பைக் காரில் போட்டால் மங்கலாக எரியும். காரின் பல்பை லாரியில் போட்டால் உடனே போய்விடும். ரூம் லைட்டின் மூடியைத் திறக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஹோல்டரில் ஸ்குரூடிரைவர் உரசினால் பியூஸ் போகும். ஆறாத பல்பைத் தொட்டால் விரல் வேகும்.

ஆக, போட்டி இரண்டு பொருளுக்கு நடுவில் அல்ல, மூன்றுக்கு நடுவில். மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்றோடு, மஞ்சள் சாயலில், அளவான வெளிச்சம் தரும் எல்.இ.டி. முதலிடம். லாரிக்கும் காருக்கும் அதைத்தான் சொல்வேன். இரண்டாமிடம் பழைய இழை பல்புக்கு. கண்ணைப் பறிக்கும் மலிவு வெள்ளை எல்.இ.டி. கடைசி. நல்ல எல்.இ.டி. கிடைக்காத ஊரில் மலிவானதை வாங்குவதைவிட, அதே இழை பல்பையே மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். அதிக வெளிச்சம் தருவதல்ல ரூம் லைட்டின் வேலை. தேடியது கிடைத்ததும் அணைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தால், சாலை முன்போலவே தெரிய வேண்டும். இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு நாம் தர வேண்டிய வெளிச்சம் அவ்வளவுதான்.