மர்வு நகர நூலகங்களும் கொடுங்கையூர் மண்ணும்

வடசென்னையில் வியாசர்பாடிக்கு வடக்கே அமைந்துள்ளது கொடுங்கையூர். மாநகரின் வடபகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாக இங்கேதான் கொட்டப்பட்டு வந்துள்ளது. 340 ஏக்கருக்கும் மேற்பட்ட அவ்வளாகத்தில் குவிந்த பழைய குப்பை 60 இலட்சம் டன்னைத் தாண்டும் என மாநகராட்சி கணக்கிட்டு, அதனைத் தோண்டிப் பிரிக்கும் பணியைத் திட்டமிட்டது. அவ்விடத்தில் குப்பை எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் வீதிக்கு வந்து போராடினர். எரிக்கப்படும் குப்பையின் புகையும் சாம்பலும் தம் மண்ணையும் நீரையும் மூச்சையும் என்ன செய்யும் என்பதே அவர்களின் கவலை.

இதற்கு விடை தேடிய அறிஞர்கள் இல்லாமலில்லை. கொடுங்கையூரின் நிலத்தடி நீரைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன. தென்சென்னையின் பெருங்குடிக் குப்பைமேட்டு மண்ணை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைமேடுகள் டையாக்சின் என்னும் நச்சுப்பொருளின் ஊற்றுக்கண்ணாகக் கூடும் என அவர்கள் கண்டறிந்தனர். 2003இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் அது வெளியாயிற்று. திறந்தவெளியில் புகையும் குப்பைக்கும் எரிஉலைக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை எடைபோடவும் மூலக்கட்டுரை கைக்கு வர வேண்டும். ஆனால் அத்தகைய இதழ்கள் சந்தா செலுத்துவோர்க்கே திறக்கும். மண் நம்முடையது; அதனைப் பற்றிய அறிவு மட்டும் பூட்டிய அறையில் இருக்கிறது.

அறிவு எப்போதும் இப்படிப் பூட்டப்பட்டிருந்ததா என வரலாற்றைக் கேட்போமாயின், அது நம்மை மர்வு நகருக்கு அழைத்துச் செல்கிறது. இன்றைய துர்க்மெனிஸ்தானில் அந்நகரின் இடிபாடுகள் உள்ளன. புவியியல் பேரறிஞர் யாகூத் அல் ஹமவீ அங்கே ஏறத்தாழ மூன்றாண்டுகள் தங்கி, ஹிஜ்ரி 616இல், அதாவது கி.பி. 1219இல், வெளியேறினார். மக்களுக்கென வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் அந்நகரில் இருந்ததாக அவர் எழுதுகிறார். அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன. தம் இல்லத்தில் எப்போதும் இருநூறுக்குக் குறையாத இரவல் நூல்கள் இருந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈடு ஏதும் கேட்கப்படவில்லை என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். அவருடைய 'முஃஜமுல் புல்தான்' என்னும் பெருநூலின் செய்திகளில் மிகுதியானவை அந்நூலகங்களில் திரட்டப்பட்டவையே. 1221இல் மங்கோலியர் மர்வை அழித்தனர். நூலகங்கள் மறைந்தன, ஆயினும் யாகூத் படியெடுத்துச் சென்றவை இன்றும் நம்மிடையே வாழ்கின்றன.

வக்ஃபின் இலக்கணம் நாம் அறிந்ததே. மூலப்பொருளை விற்கலாகாது, பரிசளிக்கலாகாது, வாரிசுரிமையாகப் பிரிக்கவும் ஆகாது. அதன் பயன் மட்டும் உரியோரைத் தொடர்ந்து சென்றடையும். இன்றைய ஆய்விதழ் முறையோ இதற்கு நேர்மாறானது. பொதுப்பணத்தில் ஆய்வு செய்யும் பேராசிரியர் கட்டுரையை ஊதியமின்றித் தருகிறார். வேறு பேராசிரியர்கள் அதனை ஊதியமின்றி மதிப்பிடுகின்றனர். பதிப்புரிமையோ பெரும்பாலும் பதிப்பகத்துக்குச் செல்கிறது. முடிவில் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறது.

இம்முறையை மாற்றும் முயற்சி 1991இல் பால் கின்ஸ்பார்க் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தோடு வலுப்பெற்றது. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கையும் 2003இல் பெர்லின் அறிக்கையும் ஆய்வு முடிவுகள் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என முழங்கின. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கெனக் களஞ்சியம் ஒன்றை நிறுவி வழிகாட்டியது. நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தம் நிதியில் நடைபெறும் ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என 2014இல் கொள்கை வகுத்தன.

ஆய்வேடுகளின் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. இலங்கைப் பேரறிஞர் ம. முகம்மது உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு குறித்துப் பல்கலைக்கழகப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு 1953இல் நூலாயிற்று. ஆகவே அது நம் கைக்கு வந்தது. நூலாகும் பேறு பெறாத ஆய்வேடுகளோ பல்கலைக்கழக நூலக அலமாரிகளில் ஓரிரு படிகளாக உறங்கின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைச் சேர்ப்பிக்கக் கோரின. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' களஞ்சியம் அவ்வாறு பெருகிற்று. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வேடுகளும் அதில் உள்ளன. இன்று கொடுங்கையூர் மாணவி ஒருவர் தம் கைப்பேசியிலேயே அவற்றைப் படிக்க இயலும்.

2025இல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இத்தேவையைத் தீர்த்துவிடாதா எனச் சிலர் வினவக்கூடும். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. இது நன்முயற்சியே. ஆயினும் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடும் குடியிருப்போர் சங்கத்துக்கும், குப்பைமேட்டின் அருகே மருத்துவம் பார்க்கும் தனி மருத்துவருக்கும் இக்கதவு திறக்கவில்லை. சந்தா என்பது வாடகை, களஞ்சியமோ வக்ஃபு. வாடகை நின்றால் வீட்டை விட வேண்டியதே.

திறந்து வைத்தால் திருடுவார்களே என அஞ்சும் ஆய்வாளர்கள் இன்றும் உளர். உண்மையில் மறைந்து கிடக்கும் ஆய்வேட்டைக் களவாடுவதே எளிது. ஏனெனில் மூலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார் எவருமிலர். திறந்திருக்கும் ஏட்டிலிருந்து எடுத்ததைக் கணினி நொடியில் காட்டிக்கொடுக்கும். ஆய்வுத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் விதிகள் வகுத்ததும் இங்கு எண்ணத்தக்கது.

குறைகள் இல்லையா எனின், உண்டு. ஒருங்குறிக்கு மாறாத எழுத்துருக்களில் அமைந்த தமிழ் ஆய்வேடுகள் தேடுவோர் கண்ணில் படுவதில்லை. வெறும் படமாக ஏற்றப்பட்டவற்றுள் சொல்லைத் தேட இயலாது. எல்லாவற்றினும் பெரிய குறை மொழியே. கொடுங்கையூர் நீரைப் பற்றிய ஆய்வேடு ஆங்கிலத்தில் திறந்து கிடப்பதால், அந்நீரை இறைக்கும் பெண்மணிக்கு என்ன பயன்? கதவின் பூட்டு நீங்கியது. வாயிற்படி இன்னும் உயரமாகவே உள்ளது.

ஆதலின் பல்கலைக்கழகங்கள் இரண்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது நம் கருத்து. தமிழ்நாட்டு ஊர் ஒன்றைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் எளிய தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். பதிப்பகம் இசைவளிக்கும் இடங்களில், ஆசிரியரின் இறுதிக் கைப்படி பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். மர்வின் செல்வந்தர்கள் தாம் விலை கொடுத்து வாங்கிய நூல்களையே மக்களுக்கு விட்டுச் சென்றனர். மக்கள் மண்ணை அள்ளிச் சென்று ஆராய்பவர், கண்டதை அம்மக்களிடமே திருப்பித் தருவது ஈகையன்று; கடனைச் செலுத்துவதே ஆகும்.