முக்குளிப்போர் சைகைகள்: கயிற்றிலிருந்து கைக்கு

முக்குளிப்போர் சைகைகள் என்பவை, நீருக்கடியில் செல்வோர் தமக்குள்ளும் மேலே நிற்பவர்களோடும் செய்தி பரிமாறிக்கொள்ளும் கைச்சைகை, கயிற்றுச் சைகை, விளக்குச் சைகை ஆகியவற்றின் தொகுதி. மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் கடித்திருப்பவரால் பேச முடியாது. ஓசை எழுப்பினாலும் பாதிப் பயன்தான். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான விரைவில் பாய்கிறது; அதனால் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் காது பிரித்தறிவதில்லை. சிலிண்டரை உலோகத்தால் தட்டினால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும். யார், எங்கே என்பது தெரியாது.

இந்தச் சைகைகளின் வரலாற்றைக் கேரளத்தின் தென்கோடியிலிருந்து பார்க்கலாம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடற்கரையில் அந்த எல்லைக்கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே விழுகிறது. கரையில்தான் அது கோடு. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மீனவர்கள் இரு பக்கத்திலிருந்தும் ஒரே கடலுக்குத்தான் போகிறார்கள். பொழியூருக்கு வடக்கே நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு, அதற்கும் வடக்கே விழிஞ்ஞம், கோவளம். மூச்சடக்கிச் சிப்பி எடுப்பவர்களையும், சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஸ்கூபா பழகுபவர்களையும் இந்தக் கரையில் சேர்த்தே பார்க்கலாம்.

கொல்லம் முதல் குமரி வரையுள்ள பாறைக்கரைகளில் ஒட்டி வளரும் பழுப்புநிறச் சிப்பியின் அறிவியல் பெயர் பெர்னா இண்டிகா. கண்ணுக்கு மாஸ்க், இடுப்பில் வலைப்பை, பாறையிலிருந்து பெயர்த்தெடுக்க ஓர் இரும்பு. இவ்வளவுதான் சிப்பி எடுப்பவரின் கருவிகள். அவருக்குச் சைகை அதிகம் தேவைப்படுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தலை வெளியே வந்ததும் வாயாலேயே சொல்லிவிடலாம். மூச்சு அளவுக்கு மட்டுமே கீழே இருப்பவருக்குப் பேச்சு சற்றுநேரம் காத்திருக்கும். ஆழம் கூடி, தன்னால் மேலேறி வர முடியாத நிலை வரும்போதுதான் சைகை உயிர்ப்பிரச்சினை ஆகிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு அப்படிப்பட்டது. தோணியின் ஓரத்தில் இரண்டு கயிறுகள் தொங்கும். ஒன்றில் கனத்த கல், மற்றொன்றில் வலைக்கூடை. குளிப்பவர் கல்லுக்கு மேலுள்ள கண்ணியில் ஒரு காலை மாட்டி, மூச்சை இழுத்து நிறுத்தி, தலையசைப்பார். மேலே கயிறு பிடிப்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை 10 முதல் 18 மீட்டர் ஆழத்துக்கு நேராகக் கொண்டுபோய்விடும். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்வார். கல் மேலே ஏறும். கிடைத்த முத்துச்சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டு, ஒரு நிமிடத்தை ஒட்டி மூச்சு முட்டத் தொடங்கும்போது கூடைக் கயிற்றை வெடுக்கென இழுப்பார். மேலே இருப்பவர் மறுநொடியே மளமளவென இழுத்தாக வேண்டும்.

ஒரே ஒரு சைகை. அதற்கு ஒரே ஒரு பதில். இந்த ஏற்பாட்டின் முழுப் பாரமும் கீழே இருப்பவர்மீது அல்ல, மேலே கயிறு பிடித்தவரின் கவனத்தின்மீது இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்னும் மந்திரக்காரருக்கும் அந்நாளில் பங்கு கொடுக்கப்பட்டது. ஆனால் குளிப்பவரை உண்மையில் காத்தவர் கயிறு பிடித்தவர்தான். முத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

இதே கயிறு ஐரோப்பாவில் விரிவான மொழியாக வளர்ந்தது. 1830களில் லண்டனில் அகஸ்டஸ் சீபே செய்த செப்புத் தலைக்கவச உடையில், மேலிருந்து குழாய் வழியே காற்று வந்தது. முக்குளிப்பவர் மணிக்கணக்கில் கீழே வேலை செய்ய முடிந்தது. நேரம் நீண்டதும், சொல்ல வேண்டியவையும் கூடின. இன்றும் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புக் கையேட்டில் அந்த மொழி இருக்கிறது. மேலிருந்து ஓர் இழுப்பு வந்தால் ‘நலமா?’ என்று பொருள். கீழிருந்து அதே ஓர் இழுப்பு ‘நலம்’ என்ற பதில். கீழிருந்து நான்கு இழுப்பு வந்தால் ‘என்னைத் தூக்கு’. மூன்று மூன்றாக மூன்று முறை இழுத்தால் ‘சிக்கிக்கொண்டேன், நானே விடுவித்துக்கொள்வேன்’. இரண்டிரண்டாக மூன்று முறை என்றால் ‘சிக்கிக்கொண்டேன், இன்னொருவரை அனுப்பு’. நான்கு நான்காக மூன்று முறை இழுத்தால் எதையும் கேட்காமல் உடனே தூக்கிவிட வேண்டும்.

1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞனும் அக்வாலங் கருவியை உருவாக்கியபோது கயிறும் குழாயும் அறுந்தன. காற்றை முதுகிலேயே சுமந்து, மீன்போலத் திரும்பி நீந்தலாம். ஆனால் மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லை. கயிறு பிடித்தவரின் இடத்துக்கு, பக்கத்தில் நீந்தும் துணைவர் வந்தார். கயிற்றின் வேலை கைக்கு வந்தது. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953-இலும், உலகக் கூட்டமைப்பான சிமாஸ் 1959-இலும், பயிற்சி அமைப்பான ‘பாடி’ 1966-இலும் தோன்றின. கிளப்புகளும் பயிற்சிப் பள்ளிகளும் தத்தம் சைகைகளை வகுத்துக் கற்பித்தன. மெல்ல அவை ஒன்றையொன்று நெருங்கின.

இந்தியக் கடலில் இந்த அக்வாலங் முக்குளிப்பை அறிவியலுக்குப் பயன்படுத்தியவர்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி ஆய்வாளர்கள் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் முக்கியமானவர்கள். 1960களில் அவர்கள் முத்துச்சிப்பியும் சங்கும் வாழும் படுகைகளில் நேரில் இறங்கிப் பார்த்து எழுதினார்கள். அதுவரை அந்தப் படுகைகளைக் கண்ணால் கண்டவர்கள், பெரும்பாலும் ஒரு நிமிட மூச்சோடு இறங்கிய குளிகாரர்களே.

இன்றைய சைகைகளில் முதலாவது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனி சேர்ந்து வட்டமிட, மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்து நிற்பது. தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையேதான். பொருள்: ‘நலமா?’ பார்த்தவர் அதையே திருப்பிக் காட்டினால் ‘நலம்’. கயிற்றின் ஒற்றை இழுப்பு அப்படியே விரலுக்கு வந்திருக்கிறது. கேள்வியும் பதிலும் ஒரே சைகை. பதில் வராவிட்டால் நலமில்லை என்றே கொண்டு அருகே போக வேண்டும். தலையாட்டுவது பதிலாகாது; மாஸ்க் அணிந்த தலையின் அசைவு நீரோட்டத்தில் தெளிவாகத் தெரியாது.

புதியவர்கள் தடுமாறும் இடம் கட்டைவிரல். அதை உயர்த்தினால் நிலத்தில் ‘அருமை’ என்று பொருள். நீரில் ‘மேலே போவோம்’. மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்கினால் துணைவர் முக்குளிப்பை முடித்து ஏறத் தொடங்கிவிடுவார். விரித்த உள்ளங்கையை இருபக்கமும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’. அடுத்து எது சரியில்லை என்பதைச் சுட்டிக் காட்ட வேண்டும். காதைச் சுட்டினால் காதில் அழுத்தம். மூடிய முட்டியை மார்போடு வைத்தால் காற்று குறைவு. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டினால் காற்றே இல்லை. பார்த்தவர் தன் மாற்று ரெகுலேட்டரை அக்கணமே நீட்ட வேண்டும். மேற்பரப்புக்கு வந்தபின் வட்டம் தூரத்துக்குத் தெரியாது. அங்கே தலைக்குமேல் இரு கைகளையும் வளைத்துச் சேர்த்தால் நலம். கையை வீசினால் ஆபத்து. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் படகிலிருப்பவர்களுக்கு விளையாட்டாகக் கூடக் கை வீசுவதில்லை.

பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான பொதுச் சைகைப் பட்டியலை அமெரிக்காவின் பயிற்சி அமைப்புகளின் கூட்டமைப்பு 2005-இல் வெளியிட்டது. ஆனாலும் எண்களைக் காட்டும் முறை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வது சிறு பிழை அல்ல. கோவளத்தில் ஆனாலும் மாலத்தீவில் ஆனாலும், இறங்குமுன் துணைவர்கள் சைகைகளை ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது இதற்காகவே.

கைச்சைகைக்குக் கண் தெரிய வேண்டும்; எல்லா நீரிலும் அது நடப்பதில்லை. 2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளியை, பெருமழையில் எழுந்த வெள்ளம் அடித்துச் சென்றது. அவர் நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். கேரளத் தீயணைப்புத் துறையின் ஸ்கூபாக் குழுவினர் குப்பை அடைத்த சுரங்க வழிக்குள், கழிவுநீரில், இருட்டில் இறங்கித் தேடினர். தேசியப் பேரிடர் மீட்புப் படையும், கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்போரும் வந்து சேர்ந்தனர். ஜூலை 15 காலையில் அவருடைய உடல் நகரின் தகரப்பறம்புப் பகுதியில் கிடைத்தது. அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தவர்களின் துணிச்சல் கடலில் இறங்குவோரின் துணிச்சலுக்கு ஒரு படியும் குறைந்ததல்ல.

இப்படிப்பட்ட நீரில், நீட்டிய கை தனக்கே தெரியாது. எல்லையோர ஊர்களின் கைவிடப்பட்ட பாறைக்குழிகளிலும் மழைக்காலத்து நெய்யாற்றிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. அங்கெல்லாம் பழைய கயிறு திரும்ப வருகிறது: ஒரு முனை முக்குளிப்பவரின் உடலில், மறுமுனை கரையில் நிற்பவர் கையில். கயிறு தளராமலும் இறுகாமலும் இருந்தால்தான் இழுப்பு இழுப்பாகப் போய்ச் சேரும். அதைக் கைவிரலால் உணர்ந்துகொண்டே நிற்பது கரையிலிருப்பவரின் வேலை. முழுமுக மாஸ்க்கும் ஒலித்தொடர்புக் கருவியும் அணிந்து கீழிருந்து வாயாலேயே பேசும் வசதி இப்போது மீட்புக் குழுக்களுக்கும் கடற்படைகளுக்கும் உண்டு. கருவி நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்காக, அவர்களும் கயிற்று இழுப்புகளைப் பழகிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.