சம்கீலாவின் குரல் யாருடையது? ஒடுக்கப்பட்ட பாடகரின் வாழ்க்கை திரைக்குப் போகும்போது

2024 ஏப்ரல் 12 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் ‘அமர் சிங் சம்கீலா’ என்னும் இந்தித் திரைப்படம் வெளியாயிற்று. ‘பஞ்சாபின் எல்விஸ்’ என்று ஊடகங்கள் அழைத்துவரும் தலித் பாடகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. இம்தியாஸ் அலி இயக்கினார், ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார், தில்ஜித் தோசாஞ்ச் சம்கீலாவாகவும், பரினீதி சோப்ரா அவருடைய இணைப்பாடகி அமர்ஜோத்தாகவும் நடித்தனர். திரையரங்கு வெளியீடு இன்றி நேரே வீட்டுத் திரைக்கு வந்த அப்படம், 2025ஆம் ஆண்டின் சர்வதேச எம்மி விருதுகளில் தொலைக்காட்சித் திரைப்படம், நடிகர் ஆகிய இரு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது.

ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பாடகரின் வாழ்க்கையைப் படமாக்குவோர் மூன்றை எடுத்துக்கொள்கின்றனர்: அவருடைய குரல், அவருடைய கதை, அவருடைய சாதி அனுபவம். முதலிரண்டுக்கும் சட்டம் ஓரளவேனும் கணக்குக் கேட்கிறது. மூன்றாவதற்குக் கணக்குக் கேட்கச் சட்டம் இல்லை. கேட்க வேண்டியவர்கள் நாமே. பறையும் கூத்தும் பாட்டும் இன்றும் உழைப்பாளிகளின் கையிலும் தொண்டையிலும் வாழ்கிற கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் கல்வராயன் மலைக்கும் இக்கேள்வி தொலைவானதன்று.

சம்கீலா யார்?

லூதியானாவை ஒட்டிய துக்ரி என்னும் ஊரில் 1960 ஜூலை 21 அன்று தலித் சீக்கியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் சம்கீலா. இயற்பெயர் தனிராம். இளமையில் துணி ஆலையில் கூலி வேலை பார்த்தார். பாடகர் சுரிந்தர் ஷிந்தாவிடம் சேர்ந்து அவருக்குப் பாட்டெழுதிக் கொடுத்தார். பின்னர்த் தாமே மேடையேறினார். ‘சம்கீலா’ என்பதற்கு ‘மின்னுகிறவர்’ என்று பொருள். ஒற்றைத் தந்தியுடைய தும்பி என்னும் நாட்டுப்புறக் கருவியை மீட்டியபடி, பெண் பாடகி ஒருவருடன் எதிர்ப்பாட்டாகப் பாடுவது அவருடைய பாணி. அகாடா எனப்படும் திறந்தவெளிக் கச்சேரிகளிலும் ஒலிநாடாக்களிலும் 1980களில் பஞ்சாபில் அவரை விஞ்சியோர் அரிது.

1988 மார்ச் 8 அன்று, ஜலந்தர் மாவட்டத்து மெஹ்சம்பூரில் கச்சேரி செய்ய வந்திறங்கிய இடத்திலேயே சம்கீலாவும் அமர்ஜோத்தும் அவர்களுடைய குழுவினர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது சம்கீலாவுக்கு 27 வயது. ஆயுதக் குழுக்களின் ஒழுக்கக் கட்டளையை மீறியமை, தொழிற்போட்டி, சாதி கடந்த திருமணம் என மூன்று காரணங்கள் இன்றளவும் பேசப்படுகின்றன. எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

குரல்

இத்தகைய படங்களில் முதலில் எழும் தொழில்முறைக் கேள்வி, திரையில் யார் பாடுவது என்பதாகும். எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்டில் இறந்தார். இரண்டாண்டு நிறையுமுன், 1979 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘எல்விஸ்’ என்னும் படத்தை ஒளிபரப்பியது. ஜான் கார்பெண்டர் இயக்க, கர்ட் ரஸ்ஸல் எல்விஸாக நடித்தார். பாட்டுக் காட்சிகளில் ரஸ்ஸல் வாயசைத்தார். பாடியவர் ரோனி மெக்டவல் என்னும் மற்றொரு பாடகர். சம்கீலா படத்திலோ மூலப்பாடல்களை நடிகர்களே படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாகப் பாடிப் பதிவு செய்தனர். மேடையின் மூச்சிரைப்பும் கூட்டத்தின் சூடும் அதனால் கிடைத்தன.

எம்முறையைக் கையாண்டாலும், மூலக்குரலுக்குரியவருக்குச் சேர வேண்டியது என்ன என்பது தனிக் கேள்வி. ராக் அண்ட் ரோல் வரலாறே இதற்குச் சான்று. ‘ஹவுண்ட் டாக்’ பாடலை 1952இல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண். 1956இல் எல்விஸ் அதைப் பாடியபோது உலகம் அதை எல்விஸின் பாட்டென்றே அறிந்தது. கறுப்பின மக்களின் இசையிலிருந்து எழுந்த ஒரு வடிவத்துக்கு வெள்ளையர் ஒருவர் அரசராக முடிசூட்டப்பட்டார்.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை இது. பாடலை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் பதிப்புரிமை அவர்தம் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆனால் அதை நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட முடியும். பாடுவோருக்கும் இசைப்போருக்கும் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்ற ஒன்றைப் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே ஏற்றது. 1988இல் கொல்லப்பட்ட சம்கீலாவும் அமர்ஜோத்தும் பாடகர் என்ற முறையில் இத்தகைய உரிமை எதையும் அறியாமலே மறைந்தனர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமத்தொகை பெறவும், நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் குறிக்கப்படவும், நிகழ்த்தியது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் நிகழ்த்துநருக்கு உரிமை தந்தது.

நிகழ்த்துநர் யார் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆகவே பறையடிப்பவரும் தெருக்கூத்தில் வேடம் கட்டுபவரும் இதற்குள் அடங்குவர். மரபுப் பாட்டின் வரிகளுக்குத் தனியொருவர் உரிமை கொண்டாட முடியாது. அதை இன்ன நாளில், இன்ன ஊரில் பாடிய குரலுக்கு உரிமை உண்டு. இவ்வேறுபாட்டை நம் கலைஞர்கள் அறிந்திருத்தல் மிக இன்றியமையாதது.

கதை

ஒருவர் இறந்தபின் அவருடைய வாழ்க்கைக் கதைக்கு உடையவர் யார்? சம்கீலா வழக்கில் இது நீதிமன்றம் வரை சென்றது. சம்கீலாவின் முதல் மனைவியிடமிருந்து 2012இல் 5 லட்சம் ரூபாய்க்குப் படமாக்கும் உரிமையைத் தம் தரப்பு வாங்கிவிட்டதாக ஒரு தயாரிப்பாளர் குடும்பத்தினர் வழக்குத் தொடுக்க, 2023இல் லூதியானா நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர்த் தடை நீங்கிப் படம் வெளிவந்தது. அந்த 5 லட்சத்தையும் உலகெங்கும் ஓடும் ஒரு தளத்தின் வணிகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வறிய குடும்பம் கையெழுத்திடும் தாளின் கனம் விளங்கும்.

இத்துறையின் முதன்மைத் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து எழுந்ததே. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது குறித்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை ஒப்புதலின்றியே எழுதலாம். அதற்கப்பால் ஒருவரின் தனிவாழ்வுக்குள் நுழைவதாயின் ஒப்புதல் வேண்டும். ஜெயலலிதாவின் வாழ்வைத் தழுவிய படைப்புகளை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவருடன் முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு அது சொத்தாக வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது.

இதன் விளைவு இருமுனைக் கத்தி போன்றது. ஆதிக்கம் வாய்ந்த குடும்பம் ஒன்று தன் முன்னோரைப் பற்றிய உண்மையை மறைக்க இனித் தடையாணை எளிதில் பெற முடியாது. அது நமக்கும் நன்மை. ஆனால் கொல்லப்பட்ட ஒரு தலித் கலைஞரின் மனைவி மக்களும் ‘எங்களைக் கேட்காமல் எடுக்காதே’ என்று சட்டத்தின் துணையோடு சொல்ல முடியாது. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஒப்பந்தமும் பொதுமக்களின் அறச்சீற்றமுமே.

சாதி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே இது மிக உயர்ந்த விகிதம். நிலமோ பெரும்பாலும் ஜாட் சாதியினரிடம். அந்நிலவுடைமைப் பெருமிதமே வெகுமக்கள் பாட்டின் பொருளாகவும் இருந்த நாட்டில், நிலமற்ற சாதியில் பிறந்த ஒருவர் உச்சத்துக்கு வந்தார் என்பதே சம்கீலா வரலாற்றின் முதுகெலும்பு.

படம் சாதியை முற்றாக மறைக்கவில்லை. வசைச்சொல்லாகவும் மறுமொழியாகவும் அது சில இடங்களில் ஒலிக்கிறது. எனினும் கதையின் அச்சாகப் படம் தேர்ந்துகொண்டது ஆபாசம் பற்றிய விவாதத்தை: மக்கள் கேட்டதைப் பாடினார், அதற்காகக் கொல்லப்பட்டார் என்பதே அதன் வாதம். சாதி பின்னணியாகிவிட்டது. ஒரே வகைப் பாட்டை வேறு சாதியார் பாடியபோது அது கேளிக்கை, இவர் பாடியபோது மட்டும் ஏன் ஒழுக்கக்கேடு என்ற கேள்வியைப் படம் தொட்டுச் செல்கிறது, இறுதிவரை துரத்தவில்லை. 

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. சம்கீலாவின் பாட்டுகள் பலவற்றில் பெண் நுகர்பொருளாகவே வருகிறாள். அவர் தலித் என்பதால் அக்குறையை விட்டுவிட வேண்டியதில்லை. அக்குறை உண்டென்பதால் அவர் கொலையில் சாதி பற்றிய கேள்வியைக் கைவிடவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் எதிர்ப்பாட்டிலும் பாதியைப் பாடியவர், அதே குண்டுகளுக்கு இரையானவர் அமர்ஜோத். படத்தின் தலைப்பில் அவர் பெயர் இல்லை.

தமிழ்நாட்டில்

நம் அண்டையில் இதற்கு இணையான விவாதத்தை எழுப்பியது ‘ஜெய் பீம்’. அது பாடகரின் கதையன்று எனினும், உண்மை வாழ்வைப் படமாக்கும் அறம் பற்றியது. கடலூர் மாவட்டத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு 1993இல் காவல் சித்திரவதையில் கொல்லப்பட்டவர், குறவர் சமூகத்தவர். 2021இல் வெளிவந்த படம் அவரை இருளராகக் காட்டியது. அப்படம் பழங்குடியினர் மீதான காவல் வன்முறையை நாடறியச் செய்தது மெய். பாதிக்கப்பட்ட சமூகத்தின் பெயர் அதில் இடம் மாறியதும் மெய்.

இசைத்துறையில் அறிவு நேர்ந்த சான்று. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலின் வரிகளை எழுதிப் பாடியவர் அவர். தோட்டத் தொழிலாளியாய் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவே அதன் ஊற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின்னரே அறிவுக்கெனத் தனியாக ஓர் இணைய அட்டை வெளியாயிற்று. உயிரோடு, கண்ணெதிரே இருக்கும் கலைஞருக்கே இது நேருமாயின், இறந்தோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் செய்ய வேண்டியவை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்துக்குக் கேமராக்கள் பெருந்திரளாக வந்தது 2024 ஜூனில், கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது. நம் மக்கள் சாகும்போது மட்டுமே படமாகிறார்கள். அவர்கள் பாடியபோது, அடித்தபோது, ஆடியபோது பதிவு செய்தவர் சிலரே. மலைமேலோ, 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையாளிப் பழங்குடியினரின் நினைவு, அச்சில் ஏறியதைவிட முதியோர் வாய்மொழியிலேயே மிகுதியாகத் தங்கியுள்ளது. நாளை ஒரு தயாரிப்பு நிறுவனம் இங்கே கதை தேடி வருமாயின், அதற்குமுன் நம் கையில் சில இருக்க வேண்டும்.

முதலாவது, பதிவு. பாடியவர் பெயர், ஊர், நாள், உடன் இசைத்தோர் பெயர் ஆகியவற்றோடு பாட்டைப் பதிவு செய்து, ஒரு படியைக் கலைஞரிடமே கொடுத்துவிட வேண்டும். இதைக் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியாலேயே செய்ய இயலும். பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் இதில் முதலிடம் பெற வேண்டும். அமர்ஜோத்துக்கு நேர்ந்தது இங்கும் நேரலாகாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகாதவரைச் சேர்த்துவிடுவதும் இப்பணியின் பகுதியே.

இரண்டாவது, ஒப்பந்தம். தமிழில் எழுதப்பட்டு, கையெழுத்துக்குமுன் உரக்கப் படித்துக் காட்டப்பட வேண்டும். எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு தொகைக்கு என்பவை தெளிவாக இருத்தல் வேண்டும். ‘எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்’ என்னும் வாசகம் கண்டால் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒப்பக்கூடாது. வாரிசுகளில் ஒருவர் மட்டும் தனியே கையெழுத்திடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, பெயர். மலையாளி, இருளர், குறவர், பறையர், அருந்ததியர் ஒவ்வொருவரின் வரலாறும் வேறு. கதைவசதிக்காக ஒன்றை மற்றொன்றாக மாற்ற இடந்தரலாகாது. பறையைக் ‘கலை’ என்று மட்டும் காட்டும் படம், சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் அடிக்க வைக்கப்பட்ட இழிவையும், அதை மறுத்ததற்காக ஊர்விலக்கம் கண்டோரையும் மறைத்துவிடக் கூடும். இரண்டையும் சேர்த்தே சொல்லக் கேட்பது நம் உரிமை. திரைக்கதை எழுதும் மேசையில் அச்சமூகத்தவர் அமர்ந்திருந்தால் இக்கோரிக்கையில் பாதி தானே நிறைவேறிவிடும்.

சம்கீலா இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு ஒரு படம் கிடைத்தது; நீதி கிடைக்கவில்லை. படம் நீதிக்கு ஈடாகாது. கேட்கத் தவறிய கேள்விகளை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவர அது பயன்படுமாயின், அந்த அளவுக்கு அதை நாம் பயன்கொள்ள வேண்டும்.