கால் மைல் சீட்டு கடந்து வந்த தூரம்

மலேசிய மலைப்பாதையில் தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் தாண்டிக் கோலா தெர்லாவுக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு வளைவை அறிவதே திறமை. டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேராக, வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். ஓடி முடித்ததும் ஓட்டுநர் கைக்கு நேரமும் வேகமும் குறித்த ஒரு சீட்டு வரும். அதிலுள்ள எண்தான் பிற்பாடு சாதனைப் பட்டியலில் ஏறும்.

இந்தச் சீட்டு பிறந்தது போர்க்கால விமானத்தளங்கள் சும்மா கிடந்த அமெரிக்காவில். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான ஓடுபாதையில் சி.ஜே. ஹார்ட் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தினார். மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற பந்தயச் சங்கத்தைத் தொடங்கினார். தொடக்க காலக் கடிகாரங்கள் பெரும்பாலும் முடிவுக் கோட்டருகே எட்டிய வேகத்தை மட்டுமே அளந்தன. ஆகவே பழைய பட்டியலில் மணிக்கு இத்தனை மைல் என்றிருந்து விநாடிக் கணக்கு இல்லையென்றால் பக்கம் கிழிந்துபோனதாக எண்ண வேண்டாம்.

1954இல் சங்கம் ஒரு காரையும், நேரம் அளக்கும் கருவிகள் ஏற்றிய டிரெய்லரையும் ஊர் ஊராக அனுப்பியது. அதற்கு டிராக் சஃபாரி என்று பெயர். பந்தயத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று உள்ளூர் மன்றங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழு. 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி தொடங்கியது. மழை கெடுத்ததால் மீதியை நவம்பரில் அரிசோனாவில் முடித்தார்கள். ஒரே போட்டிக்கு இரண்டு ஊர், இரண்டு தேதி. பழைய முடிவுகளைத் தேடுகிறவர் தடுமாறும் இடம் இது.

இதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பு. பெட்ரோல் வண்டிகளுக்கான ‘கேஸ்’ வகுப்புகளில் வண்டியின் எடையை எஞ்சினின் கன அங்குலத்தால் வகுப்பார்கள். 3,000 பவுண்டு வண்டியில் 300 கன அங்குல எஞ்சின் என்றால் விடை 10. அந்த விடை எந்த வரம்புக்குள் விழுகிறதோ, அந்த எழுத்தை வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதுவார்கள். வரம்புகள் காலப்போக்கில் மாறின. எனவே ஆண்டு தெரியாத வகுப்புப் பெயரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. 1957இல் என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோமீத்தேன் எரிபொருளைத் தடை செய்தது. தடை 1960களின் தொடக்கம்வரை நீடித்தது. அதற்குக் கட்டுப்படாத ஓடுதளங்களில் நைட்ரோ வண்டிகள் தொடர்ந்து ஓடின. என்.எச்.ஆர்.ஏ.வுக்குப் போட்டியான ஏ.எச்.ஆர்.ஏ. சங்கமும் தனிப் பட்டியல் வைத்திருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு ‘சாதனை’ கிடைத்தால் இரண்டும் மெய்யாகவே இருக்கலாம்.

சீட்டுகள் குப்பைக்குப் போயின. எண்கள் அச்சில் தப்பின. 1950களுக்கு ‘டிராக் நியூஸ்’ பத்திரிகையையும், 1960இல் தொடங்கிய ‘நேஷனல் டிராக்ஸ்டர்’ இதழையும், போட்டி நாளில் விற்ற நிகழ்ச்சிப் புத்தகங்களையும் புரட்ட வேண்டும். பின்னாளில் யாரோ தொகுத்த பட்டியலைவிட அந்த வாரத்து இதழ் நம்பகமானது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில், 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அவை பெரும்பாலும் சுற்று ஓட்டங்கள். சாதனை அங்கே ஒரு சுற்றின் நேரம். பின்னர் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தன. மலேசியாவில் 1968இல் திறந்த பத்து தீகா தடமும் இன்று இல்லை. தடம் போனபின் காகிதம்தான் சாட்சி.

உங்கள் வீட்டுப் பெட்டியில் சோழவரம் அல்லது பத்து தீகா நிகழ்ச்சிப் புத்தகமோ முடிவுத் தாளோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆண்டு, வகுப்பு, தூரம், நடத்திய சங்கம் ஆகிய நான்கும் தெரிகிறதா என்று பாருங்கள். விட்டுப்போனதை, ஓட்டியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.